மூன்றாம் நம்பர் ஏன் "உள்ளேன்" சொல்லவில்லை?



போன வாரம் என் தம்பி மகள் போட்ட போட்டோவைப் பார்த்துவிட்டு நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். காரின் பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, கையில் டார்ச் லைட்டோடு நான் நிற்கிற போட்டோ. "டீச்சர், ரிட்டயர்டு ஆனதும் ஒர்க்‌ஷாப் ஆரம்பிச்சிட்டீங்களா?" என்று ஒருத்தன் கேட்டிருந்தான். "இன்னுமா அந்த வண்டியை வெச்சிருக்கீங்க?" என்று சொந்தத்தில் மூன்று பேர். எல்லாருக்கும் சேர்த்து ஒரே பதிலாக எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும். முப்பத்தைந்து வருஷம் பாடம் நடத்தின பழக்கம், பாதியில் நிறுத்த வராது.

வண்டி 2006 மாடல் டீசல் கார். அவர் இருந்தபோது வாங்கியது. அவர் போய் ஆறு வருஷம் ஆகிறது. நான் கார் ஓட்டப் பழகியது ஐம்பத்திரண்டு வயதில், அவருடைய வற்புறுத்தலால். அன்றைக்கு நான் அலுத்துக்கொண்டே பழகினேன். இன்றைக்கு அந்தப் பழக்கம்தான் வீட்டைத் தாங்குகிறது. ஏனென்றால் என் நாத்தனாருக்குச் சிறுநீரகம் இரண்டும் வேலை செய்யவில்லை. வாரத்தில் செவ்வாய், வெள்ளி இரண்டு நாள் திருநெல்வேலிக்கு டயாலிசிஸுக்குப் போகவேண்டும். அம்பாசமுத்திரத்தில் இருந்து வீரவநல்லூர், சேரன்மகாதேவி, பத்தமடை, மேலப்பாளையம் வழியாகப் போகிற அந்த ரோட்டில் எந்தக் குழி எங்கே இருக்கிறது என்று எங்கள் இருவருக்கும் மனப்பாடம்.

டயாலிசிஸ் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். ஒரு தடவைக்கு நாலு மணி நேரம் ஆகும். முடித்து வரும்போது ஆளைப் பிழிந்து போட்ட மாதிரி இருக்கும். சில நாள் ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும், சில நாள் வாந்தி வரும். பஸ்ஸில் நின்றுகொண்டு வர முடியாது. அதே சமயம் ஒரு முறை தவறினால் உடம்பில் நீர் சேர்ந்து மூச்சு வாங்க ஆரம்பித்துவிடும். ஒரு நாளைக்குக் குடிக்கிற தண்ணீரைக்கூட டம்ளரில் அளந்து குடிக்கிறவள் அவள். வாடகைக் கார் போய்வர 1,800 ரூபாய் கேட்கிறார்கள். மாதத்துக்கு எட்டு நடை வைத்தாலும் 14,400 ரூபாய். ஆகவே இந்தப் பழைய டீசல் வண்டியை நான் வைத்திருப்பது ஆசைக்காக இல்லை, கணக்குப் போட்டுத்தான்.

அந்தச் செவ்வாய்க்கிழமை திரும்பி வரும்போது வீரவநல்லூர் தாண்டியதும் வண்டி திடீரென்று உதற ஆரம்பித்தது. அதுவரை ஒரு குறையும் இல்லை. ஒரு மேட்டில் கியரைக் குறைத்தேன், அவ்வளவுதான். ஸ்டியரிங் நடுங்குகிறது, டேஷ்போர்டு கடகடவென்று ஆடுகிறது, இழுவை இல்லை. கண்ணாடியில் பார்த்தால் பின்னால் வெள்ளைப் புகை. பின் சீட்டில் சாய்ந்து படுத்திருந்தவள் கண்ணைத் திறந்து, "மதினி, வண்டிக்கும் என்னைய மாதிரி ஆயிட்டா?" என்று கேட்டாள். சிரிக்கிறதா அழுகிறதா என்று தெரியவில்லை. இருபது கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்து வீடு வந்து சேர்ந்தோம்.

புதன்கிழமை காலையில் ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். ஸ்டார்ட் பண்ணி அரை நிமிஷம் கேட்டார்கள். "இன்ஜின் வேலை மேடம். ஹெட்டை இறக்கணும். பிஸ்டனோ வால்வோ போயிருக்கும். பம்ப்பும் பார்க்கணும். 55,000 ஆகும், பத்து நாள் ஆகும். இந்த வண்டிக்கு இவ்வளவு செலவு பண்றதுக்கு வித்திடலாம்" என்றார்கள். பெங்களூரில் இருக்கிற நாத்தனார் மகனும் போனில் அதையேதான் சொன்னான். "அத்தை, இந்த வருஷம் பதிவு வேற புதுப்பிக்கணும். பேசாம கொடுத்திடுங்க. நான் மாசாமாசம் டாக்ஸிக்கு அனுப்புறேன்." பாசத்தோடு சொன்னதுதான். ஆனால் அவனுக்கும் இரண்டு பிள்ளைகள், வீட்டுக் கடன். எனக்கு மனசு கேட்கவில்லை.

எனக்கு உறுத்திய விஷயம் விலை மட்டும் இல்லை. அரை நிமிஷம் சத்தத்தைக் கேட்டு, ஒரு சோதனையும் செய்யாமல், எப்படி முடிவுக்கு வந்தார்கள்? என்னிடம் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். விடையை மட்டும் எழுதி வழியை எழுதாமல் விட்டால் நான் பாதி மார்க்தான் போடுவேன்.

அன்று சாயங்காலம் ஒருத்தனுக்குப் போன் செய்தேன். நாலாம் வகுப்பில் என்னிடம் படித்தவன், இப்போது சொந்தமாகச் சின்ன மெக்கானிக் ஷெட் வைத்திருக்கிறான். பேரைப் போடக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டான், அதனால் போடவில்லை. அவன் முதலில் வண்டியைப் பற்றிக் கேட்கவில்லை. கேள்விகளாகக் கேட்டான்.

"டீச்சர், எப்ப ஆரம்பிச்சுது? கொஞ்சம் கொஞ்சமா வந்துதா, பட்டுனு வந்துதா?"

"பட்டுனு வந்துச்சுய்யா."

"அதுக்கு முந்தி டீசல் போட்டீங்களா? ஃபில்டர் மாத்துனீங்களா? யாராவது பானட்டைத் திறந்தாங்களா?"

"ஒண்ணும் இல்ல. டீசல் போட்டு ஒரு வாரம் ஆச்சு."

"புகை என்ன கலரு?"

"வெள்ளை. கண்ணு எரியுது, டீசல் வாடை அடிக்குது."

"சத்தம் ஒரே தாளத்துல தவறுதா, இல்ல இஷ்டத்துக்குத் தவறுதா?"

இந்தக் கேள்விதான் எனக்கு மிகவும் பிடித்தது. ஏன் அப்படிக் கேட்டான் என்பதை விளக்க, டீசல் இன்ஜின் எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் சொல்லவேண்டும். எட்டாம் வகுப்புப் பாடம் போல நினைத்துக்கொள்ளுங்கள்.

பெட்ரோல் இன்ஜினில் தீப்பொறி கொடுக்க ஸ்பார்க் பிளக் உண்டு. டீசலில் அது கிடையாது. ருடால்ஃப் டீசல் என்ற ஜெர்மன் பொறியாளர் 1893-ல் காப்புரிமை பெற்று, 1897-ல் ஆக்ஸ்பர்க் நகரத்தில் வெற்றிகரமாக ஓட்டிக் காட்டிய முறை இது. காற்றை மட்டும் உள்ளே இழுத்து, அதைப் பலமாக அழுத்தவேண்டும். சைக்கிளுக்குக் காற்று அடிக்கும்போது பம்ப்பின் அடிப்பக்கம் சுடுகிறதல்லவா? அதே தத்துவம். பெட்ரோல் இன்ஜின் காற்றைப் பத்தில் ஒரு பங்காக அழுத்துகிறது என்றால், என் வண்டி மாதிரிப் பழைய டீசல் இருபதில் ஒரு பங்குக்கும் கீழே அழுத்தும். அப்போது காற்று 500 டிகிரிக்கு மேல் கொதிக்கும். சரியாக அந்த நேரத்தில் இன்ஜெக்டர் மூக்கு வழியாக டீசலைப் பனி மாதிரிப் பீய்ச்சினால், தானாகப் பற்றிக்கொள்ளும். ஆகவே டீசல் இன்ஜினின் ஒரு சிலிண்டர் வேலை செய்ய இரண்டு விஷயம் போதும். ஒன்று, காற்று நன்றாக அழுந்தவேண்டும். இரண்டு, டீசல் சரியான நேரத்தில், சரியான அளவில், பனியாக வந்து விழவேண்டும். இந்த இரண்டில் ஒன்று தவறினால் அந்தச் சிலிண்டர் ஊமை.

என் வண்டியில் நாலு சிலிண்டர். அவை 1, 3, 4, 2 என்ற வரிசையில் வெடிக்கும். நின்ற இடத்தில் இன்ஜின் நிமிஷத்துக்கு 800 சுற்று சுற்றும்போது ஒவ்வொரு சிலிண்டரும் நிமிஷத்துக்கு 400 தடவை வெடிக்கிறது. வருகைப் பதிவேடு எடுக்கிற மாதிரிதான். "ஒண்ணு." "உள்ளேன்." "மூணு." "உள்ளேன்." இதில் ஒருத்தன் மட்டும் பதில் சொல்லவில்லை என்றால், ஒவ்வொரு சுற்றிலும் அதே இடத்தில் ஒரு பள்ளம் விழும். தாளம் தவறும், ஆனால் ஒரே மாதிரி தவறும். வகுப்பு முழுவதற்கும் சோறு போய்ச் சேரவில்லை என்றால், அதாவது டீசல் வரும் வழியில் அடைப்போ, காற்றுப் புகுதலோ இருந்தால், இப்போது ஒருத்தன், அப்புறம் இன்னொருத்தன் என்று இஷ்டத்துக்குத் தவறும்.

என் வண்டியில் ஒரே தாளத்தில் தவறியது. நான் போனைப் பானட் பக்கத்தில் வைத்துக் கேட்க வைத்தேன். "ஒரு சிலிண்டர் மிஸ்ஸிங் அடிக்கு டீச்சர். எதுன்னு காலையில பாத்திருவோம். அதுவரை வண்டியை எடுக்காதீங்க" என்றான்.

வியாழக்கிழமை காலை ஆறரைக்கே வந்துவிட்டான். அன்று எடுத்ததுதான் அந்தப் போட்டோ. அவன் செய்ததை வரிசையாக எழுதுகிறேன். பழைய டீசல் வண்டி வைத்திருக்கிறவர்களுக்கு உதவும்.

முதலில் கண்ணால் பார்த்தான். ஸ்பேனரைத் தொடவே இல்லை. ஆயில் குச்சியை எடுத்துத் துடைத்துப் பார்த்தான். ஆயில் அளவு சரியாக இருந்தது, மோர் மாதிரி வெளுக்கவில்லை. ரேடியேட்டர் மூடியைத் திறந்து, ஆறிய இன்ஜினை ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தான். தண்ணீரில் குமிழி வரவில்லை. ஹெட் கேஸ்கெட் போயிருந்தால் இந்த இரண்டில் ஒன்றாவது காட்டிக்கொடுக்க வாய்ப்பு அதிகம். பிறகு இன்ஜின் உட்கார்ந்திருக்கிற ரப்பர் மவுண்டுகளை ஆட்டிப் பார்த்தான். அது உடைந்திருந்தால் இன்ஜின் நன்றாக ஓடினாலும் வண்டி உதறுமாம். அப்போது சத்தத்தில் பள்ளம் இருக்காது, ஆட்டம் மட்டும்தான் இருக்கும்.

இரண்டாவது, காதால் கேட்டான். டீசலை நிறுத்துகிற சொலினாய்டு வயரைக் கழற்றிவிட்டு, செல்ஃபை மட்டும் அடிக்கச் சொன்னான். வண்டி ஸ்டார்ட் ஆகாது, சுற்ற மட்டும் செய்யும். "ரர்-ரர்-ரர்-ரர்" என்று ஒரே சீராகச் சுற்றியது. ஒரு சிலிண்டரில் கம்ப்ரஷன் இல்லையென்றால் அந்த இடம் வரும்போது எதிர்ப்பு இல்லாமல் வழுக்கிக்கொண்டு ஓடி, ஓசை நொண்டும். இங்கே நொண்டவில்லை. "டீச்சர், இது நல்ல சேதி. பிஸ்டன், வால்வு எல்லாம் பெரும்பாலும் நல்லா இருக்கும். ஆனா இன்னும் உறுதியாச் சொல்ல மாட்டேன்" என்றான். அந்தக் கடைசி வாக்கியத்துக்காகவே அவனுக்கு ஒரு காபி கூடப் போட்டுக் கொடுத்தேன்.

மூன்றாவது, டீசல் வரும் வழி. ஃபில்டருக்கும் பம்ப்புக்கும் நடுவில் ஒரு துண்டு கண்ணாடி மாதிரியான ட்யூபை மாட்டினான். காற்று எடுத்தால் அதில் குமிழி ஓடும். இன்ஜின் ஓடும்போது இரண்டு நிமிஷம் நானே டார்ச் அடித்துப் பார்த்தேன். குமிழி இல்லை.

நான்காவது சோதனைதான் முக்கியமானது. பம்ப்பில் இருந்து ஒவ்வொரு இன்ஜெக்டருக்கும் தனித்தனி இரும்புக் குழாய் போகிறது. இன்ஜின் ஓடிக்கொண்டு இருக்கும்போதே, இன்ஜெக்டர் பக்கத்து நட்டை ஸ்பேனரால் அரைச் சுற்று தளர்த்தினான். அப்போது டீசல் உள்ளே போகாமல் வெளியே கசியும், அந்தச் சிலிண்டர் நின்றுவிடும். ஒன்றாம் நம்பரைத் தளர்த்தினான். இன்ஜின் இன்னும் மோசமாக உதறியது. அப்படியென்றால் ஒன்றாம் நம்பர் அதுவரை உழைத்துக்கொண்டு இருந்திருக்கிறது. முறுக்கிவிட்டு இரண்டாம் நம்பர். அதுவும் உதறியது. மூன்றாம் நம்பரைத் தளர்த்தினான். ஒரு மாற்றமும் இல்லை. இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான். நாலாம் நம்பரைத் தளர்த்தியதும் மறுபடி உதறல்.

"மூணாம் நம்பர்தான் உள்ளேன் சொல்ல மாட்டேங்கான்" என்றேன். அவன் சிரித்துவிட்டான். வகுப்பில் அவன் நம்பரும் மூன்றுதானாம்.

இங்கே ஒரு கடுமையான எச்சரிக்கை. இந்தச் சோதனை பழைய மெக்கானிக்கல் பம்ப் வண்டிகளுக்கு மட்டும்தான். அதிலும் கண்ணாடி போட்டுக்கொண்டு, சுற்றித் துணி வைத்து, கையை விலக்கி வைத்துத்தான் அவன் செய்தான். இப்போது ஓடுகிற காமன் ரெயில் டீசல் வண்டிகளில் குழாய்க்குள் அழுத்தம் 1,000 பாரைத் தாண்டிப் போகும். நம் கார் டயரில் இருப்பது சுமார் 2 பார்தான். அந்த வேகத்தில் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், விரலையே எடுக்கவேண்டி வரலாம். புது வண்டியில் யாரும் நட்டைத் தொடாதீர்கள். அதற்கு ஸ்கேனர் இருக்கிறது.

மூன்றாம் நம்பர் ஊமை என்று தெரிந்துவிட்டது. ஆனால் ஏன் ஊமை? டீசல் சரியாக வரவில்லையா, காற்று சரியாக அழுந்தவில்லையா? பெரிய ஒர்க்‌ஷாப் சொன்னபடி வால்வு போயிருந்தாலும் இதே மாதிரிதான் இருக்கும். இங்கேதான் அவன் செய்த காரியம் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. மூன்றாம் நம்பர் இன்ஜெக்டரையும் இரண்டாம் நம்பர் இன்ஜெக்டரையும் கழற்றி, இடம் மாற்றி மாட்டினான். கழற்றினபோது கீழே இருக்கிற செம்பு வாஷரைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு போட்டான். பழையதை மறுபடி போட்டால் அந்த வழியாகப் புகை கசியுமாம்.

பிறகு ஸ்டார்ட் பண்ணி, மறுபடி ஒவ்வொன்றாகத் தளர்த்தினான். இப்போது மூன்றாம் நம்பரைத் தளர்த்தினால் இன்ஜின் உதறுகிறது! இரண்டாம் நம்பரைத் தளர்த்தினால் ஒன்றும் ஆகவில்லை. குற்றம் இன்ஜெக்டரோடு சேர்ந்து இடம் மாறிவிட்டது. சிலிண்டரில் குறை இருந்தால் அது இருந்த இடத்திலேயே இருந்திருக்கும். ஆக, பிஸ்டனும் நல்லது, வால்வும் நல்லது. ஹெட்டை இறக்கவேண்டிய அவசியமே இல்லை. காலை ஒன்பது மணிக்குள் 55,000 ரூபாய்க் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டு இருந்த நாத்தனார், "அப்ப ஆபரேஷன் வேண்டாம், மாத்திரையே போதும்னு சொல்லுதான்" என்றாள்.

நாலு இன்ஜெக்டரையும் கழற்றித் துணியில் சுற்றி, பைக்கில் திருநெல்வேலிக்குக் கொண்டுபோனான். அங்கே டீசல் பம்ப் வேலை பார்க்கிற கடைகளில் ஒரு கைப்பம்ப்பு மேஜை இருக்கும். இன்ஜெக்டரை அதில் மாட்டி அழுத்தினால், என் வண்டி மாதிரிப் பழைய ரகத்தில் 120 முதல் 150 பார் வாக்கில் திறந்து, "ட்ரீக்" என்று ஒரு சத்தத்தோடு பனியாகப் பீய்ச்சவேண்டும். மூன்று இன்ஜெக்டர் அப்படிச் செய்தன. நாலாவது, அந்தக் குற்றவாளி, மூக்கில் சளி ஒழுகுகிற மாதிரிச் சொட்டியதாம். வீடியோ எடுத்து அனுப்பினான். நாசிலுக்குள் இருக்கிற ஊசி துருப்பிடித்துப் பாதியில் மாட்டிக்கொண்டு இருந்தது. அந்த ஊசிக்கும் உறைக்கும் நடுவில் இருக்கிற இடைவெளி சில மைக்ரான்தான். நம் தலைமுடியை விடப் பல மடங்கு மெல்லியது. அதில் துரு ஏறினால் என்ன ஆகும்? டீசல் பனியாகாமல் சொட்டாக விழும், சரியாகப் பற்றாது, பாதி எரிந்தும் எரியாமலும் வெள்ளைப் புகையாக வெளியே போகும். கண் எரிந்ததற்கு அதுதான் காரணம்.

சாதாரணமாக இங்கேயே வேலை முடிந்தது என்று நினைப்போம். நாசிலை மாற்று, மாட்டு, பணத்தை வாங்கு. அவன் அங்கே நிற்கவில்லை. "துரு எங்க இருந்து வந்துச்சுன்னு பாக்காம மாட்டினா, ஆறு மாசத்துல அடுத்த நாசில் போயிரும் டீச்சர்" என்றான். சாயங்காலம் திரும்பி வந்ததும் ஒரு கண்ணாடிப் பாட்டில் கேட்டான். ஊறுகாய் பாட்டிலைக் கழுவித் துடைத்துக் கொடுத்தேன். ஃபில்டருக்கு அடியில் இருக்கிற திருகைத் திறந்து அதில் பிடித்தான். பத்து நிமிஷம் அசையாமல் வைத்தோம். மேலே மஞ்சளாக டீசல், கீழே இரண்டு விரல் உயரத்துக்குத் தண்ணீர், அதன் அடியில் செம்மண் மாதிரித் துரு. டீசல் தண்ணீரை விட லேசு, அதனால் தண்ணீர் அடியில் தங்கும். ஆறாம் வகுப்பில் எண்ணெயும் தண்ணீரும் ஊற்றிக் காட்டுவேனே, அதே சோதனைதான்.

அந்தப் பம்ப்புக்கும் நாசிலுக்கும் தனியாக மசகு எண்ணெய் கிடையாது. உள்ளே போகிற டீசலேதான் மசகு. அந்த இடத்தில் தண்ணீர் போனால் வழுவழுப்பு போய், உரசலும் துருவும் ஆரம்பிக்கும். ஃபில்டர் தண்ணீரைக் கொஞ்ச தூரம் தாங்கிப் பிடிக்கும். நிரம்பி வழிந்ததும் மேலே அனுப்பிவிடும். மெல்ல மெல்லச் சேர்ந்த குறை ஒரு நாள் "பட்டென்று" வெளியே தெரிவது இப்படித்தான்.

சரி, தண்ணீர் எப்படி வந்தது? டீசல் டேங்க் மூடியைக் கழற்றி டார்ச் அடித்தான். மூடிக்குள் இருக்கிற ரப்பர் வாஷர் காய்ந்து, வெடித்து, ஒரு பக்கம் துண்டே இல்லை. கார் ஷெட்டின் கூரையைப் பிரித்து வேலை நடந்ததால், ஐப்பசி கார்த்திகை மழை முழுக்க வண்டி வேப்பமரத்தடியில்தான் நின்றது. இருபது வருஷ ரப்பர், இரண்டு மாத மழை. வேறு யாரையும் குறை சொல்ல இதில் இடமில்லை.

டேங்கை வடித்துக் கழுவி, ஃபில்டர் மாற்றி, இன்ஜெக்டர்களை மாட்டி முடிக்கும்போது இரவு ஒன்பதரை. செலவுக் கணக்கை அப்படியே எழுதுகிறேன். நாசில் 1,200. நாலு இன்ஜெக்டரும் சோதித்துச் சரிசெய்யக் கடையில் 800. ஃபில்டர் 450. செம்பு வாஷர் நாலு 80. இன்ஜெக்டர்களை இணைக்கிற சின்ன ரப்பர் ட்யூப்கள் 200. டேங்க் மூடி 150. புது டீசல் 10 லிட்டர் 930. கூலி 1,500. மொத்தம் 5,310 ரூபாய். கூலி வாங்கமாட்டேன் என்று அடம் பிடித்தான். "ஏல, உன் பிள்ளைக்கு ஸ்கூல் ஃபீஸ் நான் கட்டவா, நீ கட்டுவியா?" என்று அதட்டித்தான் கையில் திணித்தேன். வெள்ளிக்கிழமை ஐந்தரைக்கு வழக்கம்போலக் கிளம்பினோம். ஏழு மணிக்கு அவளுக்கு ஊசி போட்டாகிவிட்டது.

பெரிய ஒர்க்‌ஷாப்காரர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஒரு நாளைக்கு இருபது வண்டி பார்க்கிறவர்களுக்கு ஒவ்வொன்றையும் தளர்த்திப் பார்க்க நேரம் இருக்காது. ஆனால் பணம் கொடுக்கிற நாம் ஒரு கேள்வி கேட்கலாம். "எந்தச் சோதனை செஞ்சு இதைச் சொல்றீங்க?" மரியாதையாகக் கேட்டால் போதும். பதில் இருக்கிறவர்கள் சந்தோஷமாகச் சொல்வார்கள். இது கார் ஒர்க்‌ஷாப்புக்கு மட்டும் இல்லை, ஆஸ்பத்திரிக்கும் பொருந்தும். நாத்தனார் விஷயத்தில் நான் கற்றுக்கொண்டதும் அதுதான்.

இடம் மாற்றிப் பார்க்கிற அந்த வேலையைப் பற்றி இன்னும் ஒன்று சொல்லவேண்டும். என் பழைய பிள்ளைகளில் சிலருக்கு இது நினைவிருக்கலாம். 1994-ல் மூன்றாம் வகுப்பில் ஒரு பெண் வந்தாள். முந்தின வகுப்பிலேயே "இது படிக்காது" என்று முத்திரை குத்தி அனுப்பியிருந்தார்கள். போர்டில் எழுதுவதைத் தப்புத் தப்பாக எழுதுவாள். வாயால் கேட்டால் வாய்ப்பாடு கடகடவென்று சொல்வாள். கடைசி பெஞ்சில் இருந்து முதல் பெஞ்சுக்கு மாற்றி உட்கார வைத்தேன். அவ்வளவுதான், தப்பு பாதியாகக் குறைந்தது. அறிவில் குறை இருந்தால் பெஞ்சு மாறினாலும் குறை மாறாது அல்லவா? கண் முகாமுக்குக் கூட்டிக்கொண்டு போனோம், கண்ணாடி வந்தது. அவள் இப்போது ஒரு வங்கியில் வேலை பார்க்கிறாள், இதையும் படித்துக்கொண்டு இருப்பாள். ஆசிரியர் பயிற்சியில் எங்களுக்கு உளவியல் என்று ஒரு பாடமே இருந்தது. அதில் பக்கம் பக்கமாகப் படித்ததை இந்தப் பையன் ஒரு ஸ்பேனரை வைத்துக்கொண்டு செய்து காட்டினான்.

உங்களில் ஆசிரியராக இருக்கிறவர்கள் பதினெட்டுப் பேராவது எனக்குத் தெரியும். ஒரு பிள்ளை பதில் சொல்லவில்லை என்றால், ஹெட்டை இறக்குவதற்கு முன்னால் பெஞ்சை மாற்றிப் பாருங்கள். காலையில் சாப்பிட்டதா என்று கேளுங்கள். போர்டு தெரிகிறதா என்று கேளுங்கள். சுலபமான சோதனை முதலில், செலவு பிடிக்கிற சோதனை கடைசியில்.

பழைய டீசல் வண்டி வைத்திருக்கிறவர்களுக்குக் கடைசியாகச் சில குறிப்புகள்.

வண்டி திடீரென்று உதறினால், மெக்கானிக்கிடம் போகும் முன்பு இவற்றை ஒரு தாளில் எழுதுங்கள்: எப்போது ஆரம்பித்தது, அதற்கு முந்தி என்ன வேலை நடந்தது, இன்ஜின் ஆறியிருக்கும்போதா சூட்டிலா, தாளம் சீராகத் தவறுகிறதா இஷ்டத்துக்கா, புகையின் நிறம் என்ன.

வெள்ளைப் புகையும் டீசல் வாடையும் வந்தால் டீசல் எரியாமல் போகிறது. கறுப்பு என்றால் டீசல் அதிகம் அல்லது காற்று குறைவு, ஏர் ஃபில்டரை முதலில் பாருங்கள். நீலம் என்றால் இன்ஜின் ஆயில் எரிகிறது. வெள்ளையாக ஆவி மாதிரி வந்து, டீசல் வாடை இல்லாமல், ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்தால் கேஸ்கெட்டைச் சந்தேகப்படலாம். காலையில் முதல் ஸ்டார்ட்டில் மட்டும் ஒரு நிமிஷம் உதறிச் சரியானால் ஹீட்டர் பிளக்கைப் பாருங்கள்.

மழைக்காலத்தில் மாதம் ஒரு முறை ஃபில்டர் அடியில் இருக்கிற தண்ணீரை வடியுங்கள். டேங்க் மூடி ரப்பரை விரலால் தடவிப் பாருங்கள். பிசுக்கென்று மிருதுவாக இருந்தால் நல்லது, விரலில் கறுப்புப் பொடி வந்தால் மாற்றுங்கள்.

வண்டியை விற்கச் சொன்ன சொந்தங்களுக்கு: 15 வருஷம் முடிந்து ஐந்து வருஷத்துக்குப் புதுப்பித்தது இந்த வருஷத்தோடு முடிகிறது. அடுத்த மாதம் ஆய்வுக்குக் கொண்டுபோகிறேன். புகை, பிரேக், லைட் எல்லாம் அவர்களே சோதித்துப் பார்க்கட்டும். தேறினால் ஓட்டுவேன், தேறாவிட்டால் அவர்கள் காரணம் எழுதித் தருவார்கள், அதைப் படித்துவிட்டு முடிவு செய்வேன். வருகிற செவ்வாய்க்கிழமை எங்களோடு திருநெல்வேலி வரை வர யாருக்காவது சௌகரியம் இருந்தால் சொல்லுங்கள். நாலு மணி நேரம் அவளுக்குப் பேச்சுத் துணை வேண்டும். முன் சீட் காலியாகத்தான் இருக்கிறது.

அன்புடன்,
உங்கள் டீச்சர்